அக்டோபரில் கோடியக்கரை போனால் என்ன பறவை கிடைக்கும்?

அக்டோபர் கடைசி வாரத்தில் மூன்று நாள் கோடியக்கரை போகிறீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரைதான் சீசன் என்று எல்லாரும் சொல்வதால், போவது வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, சேற்றில் ஓடும் சின்னப் பழுப்புப் பறவைகளை எப்படிப் பிரித்துச் சொல்வது, அதற்கு ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வாங்கியே ஆக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வி தேதியைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அதற்குள் இருப்பது தண்ணீர் பற்றிய கேள்வி. கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் பெருஞ்சதுப்பில் எந்தப் பறவை நிற்கும் என்பதைக் காலண்டரைவிடத் தண்ணீரின் ஆழமே அதிகம் முடிவு செய்கிறது. சுருக்கமாகச் சொன்னால், பூநாரைக் கூட்டத்துக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் டிசம்பருக்குத் தள்ளிப்போடுங்கள். சேற்றோரம் மேயும் உள்ளான் வகைகளும், காட்டுக்குள் வந்து இறங்கும் வலசைக் குருவிகளும் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபரை விட்டுவிடாதீர்கள்.

நவம்பருக்குப் பிறகுதான் சீசன் என்பது பூநாரையையும் வாத்துகளையும் வைத்துச் சொல்லும் கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகையில் சதுப்பு முழுக்கத் தண்ணீர் பரவும். பூநாரைக்கு நீண்ட கால். வயிறு நனையும் ஆழத்திலும் தலையைக் கவிழ்த்து மேயும். ஊசிவால் வாத்துக்கும் தட்டைவாயனுக்கும் மிதக்கும் அளவு நீர் வேண்டும். ஆனால் கொசு உள்ளானின் கணுக்கால் எலும்பு இரண்டு சென்டிமீட்டர்தான். ஈரச் சேறும், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீரும்தான் அதன் எல்லை. வளைமூக்கு உள்ளான் ஐந்து சென்டிமீட்டர் வரை இறங்கும், பவளக்காலியும் சதுப்பு உள்ளானும் இன்னும் கொஞ்சம், கருவால் மூக்கன் பத்துப் பன்னிரண்டு. கார்த்திகை அடைமழையில் முழங்கால் நீர் நின்றுவிட்டால் இந்தச் சின்னக் கால்களுக்கெல்லாம் நடுச்சதுப்பில் இடமில்லை. ஓரங்களுக்கு ஒதுங்கும், அல்லது வேறு இடம் பார்த்துப் போய்விடும். அக்டோபரில் முதல் ஒன்றிரண்டு மழை பெய்து, வறண்ட தரை சேறாகி, மெல்லிய நீர்ப்படலம் படர்ந்திருக்கும் நாட்கள்தான் அவற்றுக்கு விருந்து. ஆனால் மழை எந்த வாரம் தொடங்கும், எவ்வளவு கொட்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அக்டோபர் முழுக்கக் காய்ந்து கிடந்த ஆண்டும் உண்டு, கடைசி வாரத்திலேயே வெள்ளம் வந்த ஆண்டும் உண்டு. கிளம்பும் முன் வேதாரண்யம் பகுதியில் கடந்த பத்து நாளில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது காற்று. பாக் நீரிணையில் ஓதம் மிகக் குறைவு, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர்கூட வராது. அதனால் கட்ச் வளைகுடாவிலோ மும்பையிலோ செய்வதுபோல ஓத அட்டவணையை மட்டும் நம்பி நேரம் குறித்தால் ஏமாறுவீர்கள். கோடியக்கரைச் சதுப்பு கிட்டத்தட்டத் தட்டையான தரை. பலமான காற்று ஒரு பக்கமிருந்து சில மணி நேரம் அடித்தால் மேலே கிடக்கும் மெல்லிய நீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, காற்று வரும் பக்கத்தில் சேறு வெளியே தெரியும். அந்த ஈர விளிம்பைத் தொடர்ந்துதான் உள்ளான்கள் நகரும். நேற்று ஆயிரக்கணக்கில் இருந்த இடம் இன்று வெறுமையாக இருந்தால் பறவை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். விளிம்பு எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடுங்கள்.

இடத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் நாளைத் திட்டமிடுவது எளிது. சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. முனையில் பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு. அதற்கு மேற்கே பெருஞ்சதுப்பு, உப்பளங்கள், இன்னும் மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. 1967-ல் சரணாலயமானது காட்டுப் பகுதி. 2002-ல் ராம்சர் பட்டியலில் (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது சதுப்பையும் அலையாத்தியையும் உள்ளடக்கிய 38,500 ஹெக்டேர். நீங்கள் மூன்று நாளில் பார்க்கப்போவது அதில் ஒரு மூலைதான்.

அக்டோபர் கடைசியில் சூரியன் ஆறு மணியையொட்டி உதித்து, மாலை ஆறுக்குச் சற்று முன் மறைந்துவிடும். விடியற்காலை முதல் ஏழரை வரை காட்டில் இருங்கள். பிறகு சதுப்புக்குப் போனால் நீங்கள் மேற்கே பார்ப்பீர்கள், வெயில் முதுகில் இருக்கும், பறவையின் நிறம் சரியாகத் தெரியும். ஒன்பதரை மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். அதன் பிறகு இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் எந்தச் சின்ன உள்ளானையும் பெயர் சொல்ல முயல வேண்டாம். மாலையில் அதே சதுப்பில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். அப்போது கிழக்குக் கடற்கரைக்குப் போய், கடலோரப் பறவைகளான ஆலாக்களைப் பாருங்கள்.

காட்டைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். என் கணிப்பில் அக்டோபர் கோடியக்கரையின் சிறப்பு பாதிக்குப் பாதி அங்கேதான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் வெளிமானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கு நோக்கி வரும் தரைப்பறவைகளுக்கு நிலம் முடியும் இடம் இது. எதிரே இலங்கையின் வடகரை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இரவில் பறந்து வந்தவை விடியலில் இந்தக் காட்டில் இறங்கி, தின்று, இளைப்பாறும். ஆறுமணிக்குருவி என்கிற தோட்டக்கள்ளன், கொடிக்கால் வாலாட்டி, அரசவால் ஈப்பிடிப்பான், செந்தலைப் பூங்குருவி, பழுப்பு ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான், மாங்குயில், கதிர்க்குருவி வகைகள் எல்லாம் இந்த மாதத்தில் எதிர்பார்க்கக்கூடியவை. ஆறுமணிக்குருவி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை, அந்த அளவுக்கு உறுதி. உங்கள் முன்னால் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் அந்த ஒன்று இங்கேயே தங்குமா, நாளை இரவு கடலைத் தாண்டுமா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. ‘இலங்கைக்குப் போகிற பறவையைப் பார்த்தேன்’ என்று குறிப்பில் எழுத வேண்டாம்.

இதை ஓடித் தேடினால் கிடைக்காது. முனியப்பன் ஏரிப் பக்கமோ, இராமர் பாதம் மணல்மேட்டுப் பாதையிலோ, நிழலும் சருகும் ஈரமும் சேர்ந்த ஓரிடத்தில் இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். சருகு புரளும் ஓசை கேட்டால் முதலில் தரையைப் பாருங்கள்; பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் தரையில்தான் மேயும். முந்தின இரவு மழை பெய்து விடியலில் விட்டிருந்தால் அந்தக் காலை மற்ற வேலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் காட்டுக்கே போங்கள். மழையில் பறக்க முடியாமல் இறங்கியவை நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. வானம் தெளிந்த காலையில் முனையில் நின்று கடல் பக்கம் பார்த்தால் தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும் கூட்டமாகத் தெற்கே நகர்வதைக் காணலாம். பஞ்சுருட்டான் பெரும்பாலும் முதலில் காதுக்குத்தான் அகப்படும்.

உப்பளம் பற்றி ஒரு வார்த்தை. 1930-ல் ராஜாஜி நடத்திய வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தால் அறியப்பட்ட அகஸ்தியம்பள்ளி இதே பகுதிதான். உப்பளத்தில் எல்லாப் பாத்தியிலும் பறவை இருக்காது. முதல் தேக்கத்தில் கடல்நீர் அப்படியே நிற்கும், மீன் இருக்கும், அதனால் கூழைக்கடா, ஆலா, நாரை. அடுத்தடுத்த பாத்திகளில் நீர் சுண்டி உப்பு ஏற ஏற மீன் செத்துப்போகும், உப்புநீர் இறால் பெருகும். பூநாரை, நெடுங்கால் உள்ளான், கொசு உள்ளான் கூடுவது இங்கே. கடைசியில் உப்பு விளையும் பாத்தியில் இரை எதுவும் தாங்காது, பறவையும் வராது. உப்பளத் தொழிலாளிகள் நீரின் அடர்த்தியை டிகிரிக் கணக்கில் சொல்வார்கள்: கடல்நீர் மூன்று டிகிரியை ஒட்டி, உப்பு விளைவது இருபத்தைந்து டிகிரியில். இடைப்பட்ட டிகிரியில் இருக்கும் பாத்தி எது என்று அவர்களிடம் கேட்டால் பைனாகுலர் இல்லாமலே பாதி வேலை முடிந்தது. அக்டோபர் மழை விழுந்ததும் இந்த ஒழுங்கெல்லாம் கலைந்துவிடும். உற்பத்தி நின்று எல்லாப் பாத்தியிலும் மழைநீர் நிற்கும், பறவை பரவிக் கிடக்கும். உப்பளங்களில் பல தனியார் நிறுவனங்களுடையவை. அனுமதி கேட்காமல் வரப்பில் ஏறாதீர்கள்.

இனி அந்தச் சின்னப் பழுப்புப் பறவைகள். நிறத்தில் தொடங்குவதுதான் எல்லாரும் சறுக்கும் இடம். அக்டோபரில் பெரும்பாலானவை மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே வெள்ளை. நடையில் தொடங்குங்கள். சில அடி ஓடி, டக்கென்று நின்று, பார்த்து, ஒரு கொத்து கொத்தி மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி வகை: குட்டையான மூக்கு, பெரிய கண், கண்ணால் இரை தேடும். தலையைக் குனிந்தபடியே நிற்காமல் கொத்திக்கொண்டும் குத்திக்கொண்டும் நகர்வது உள்ளான் வகை; மூக்கின் நுனி உணர்வால் சேற்றுக்குள் இரை தேடும். இந்த ஒரு பிரிவைச் சரியாகச் செய்துவிட்டால் குழப்பம் பாதியாகக் குறையும்.

உப்புக்கொத்தியில் முதலில் பின்கழுத்தைப் பாருங்கள். வெள்ளை வளையம் சுற்றி வந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. அளவு பதினைந்து பதினாறு சென்டிமீட்டர். அந்த வளையத்துக்குக் கீழே மார்பில் கறுப்புப் பட்டையும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. அது சேற்றைவிட நன்னீர்க் குளத்தோரத்தில் அதிகம். பின்கழுத்தில் வெள்ளையே இல்லாமல் மார்பின் இருபுறமும் சாம்பல் திட்டு இருந்தால் மணல் உப்புக்கொத்தி. இங்கே கூட்டமாக இருப்பது சின்ன மணல் உப்புக்கொத்தி. அண்மைக் காலத்தில் அதைத் திபெத்தியம், சைபீரியம் என்று இரண்டு இனமாகப் பிரித்திருக்கிறார்கள். நம் பக்கம் வருவதில் பெரும்பகுதி திபெத்தியம் என்றே கொள்கிறார்கள். குளிர்கால உடையில், அதாவது அந்தப் பருவத்து இறகு நிறத்தில், இரண்டையும் களத்தில் பிரிப்பதாக யாராவது சொன்னால் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். பெரிய மணல் உப்புக்கொத்தியைப் பிரிக்கலாம்: மூக்கு தடித்து நீண்டிருக்கும், கால் வெளிறிய பச்சை கலந்து நீளமாக இருக்கும், பறக்கும்போது விரல் வால் தாண்டித் தெரியும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். தனியாக நிற்கும் பறவையில் மூக்கின் நீளம் கண்ணை ஏமாற்றும்.

உள்ளானில் மிகச் சிறியது கொசு உள்ளான், பன்னிரண்டு பதின்மூன்று சென்டிமீட்டர். மூக்கு தலையைவிடக் குட்டை, நேர், கறுப்பு, காலும் கறுப்பு. அக்டோபரில் நீங்கள் பார்ப்பதில் நிறைய இந்த ஆண்டுக் குஞ்சுகளாக இருக்கும். முதிர்ந்தவை ஆகஸ்டிலேயே வந்து சாம்பலாக மாறிவிடும், இளையவை பின்னால் வரும். இளம் பறவையின் முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் வி வடிவில் இறங்கும், இறகு ஒவ்வொன்றுக்கும் செம்பழுப்பு ஓரம் இருக்கும். இதைப் பார்த்துப் புது இனம் என்று எண்ணிப் படம் எடுத்துப் போடுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. அதே அளவில் கால் மஞ்சள் பச்சையாக, முதுகு ஒரே சாம்பலாக, புல்லோர நன்னீரில் தனியாக மேய்ந்தால் அது டெமிங்க் உள்ளான். அதே அளவுள்ள இன்னொரு உள்ளானான செங்கழுத்து ஸ்டின்ட்டைக் கொசு உள்ளானிலிருந்து குளிர்கால உடையில் தூரத்திலிருந்து பிரிப்பது நம்பகமில்லை. நல்ல படம் இல்லாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

வளைமூக்கு உள்ளான் இருபது சென்டிமீட்டர், மூக்கு நுனி நோக்கி அழகாக வளைந்திருக்கும், பறக்கும்போது இடுப்பு முழு வெள்ளை. ஆகஸ்டில் வந்தவற்றின் வயிற்றில் செங்கல் சிவப்பு மிச்சம் இருந்திருக்கும். அக்டோபரில் ஒன்றிரண்டு திட்டு மட்டும். இளம் பறவையின் மார்பில் மங்கிய பழுப்பு மஞ்சள் பூச்சு, முதுகில் செதில் போன்ற ஓரங்கள். சைபீரிய ஆர்க்டிக்கில் கூடுகட்டும் இந்தப் பறவையை 2024-ல் அழிவாய்ப்புள்ள இனமாகத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள், ஆகையால் எண்ணிக்கையைக் குறிப்பது வீண் வேலை அல்ல. மூக்கு கடைசியில் மட்டும் சட்டென்று கீழே மடங்கி, புருவக்கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் அகலமூக்கு உள்ளான். மூக்கு மேல் நோக்கி வளைந்து, கால் குட்டையாக ஆரஞ்சு மஞ்சளாக, ஏதோ அவசர வேலை போலச் சேற்றில் ஓடினால் டெரெக் உள்ளான்.

பெரியவை எளிது. ஊசிபோல் மெல்லிய நேர் மூக்கு சதுப்பு உள்ளான். தடித்து லேசாக மேலே வளைந்தால் பச்சைக்காலி, மூன்று சீழ்க்கையாகக் கூவும். பறக்கும்போது இறக்கையின் பின்னோரம் முழுக்க வெள்ளை என்றால் பவளக்காலி, வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. கரண்டிமூக்கு உள்ளானைப் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். 1980களில் கோடியக்கரையில் அது பதிவானது உண்மை. இன்று உலகிலேயே மிக அரிதான கரைப்பறவைகளில் ஒன்று அது. கொசு உள்ளானின் மூக்கில் சேற்றுக் கட்டி ஒட்டியிருந்தால் அது கரண்டி மாதிரித்தான் தெரியும்.

ஆலாக்களையும் கடற்காகங்களையும் மாலையில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய சிவப்பு மூக்கு காஸ்பியன் ஆலா, மஞ்சள் மூக்கு பெரிய கொண்டை ஆலா, தடித்த கறுப்பு மூக்கு பருமூக்கு ஆலா. கடற்காகங்கள் அக்டோபரில் வரத் தொடங்கியிருக்கும், நிறைவது பிறகுதான்.

ஸ்கோப் பற்றி: 8x42 பைனாகுலர் இருந்தால் காட்டுக்கும் ஆலாவுக்கும் அதுவே போதும். சதுப்பில் பறவை இருநூறு முந்நூறு மீட்டரில் நிற்கும், அங்கே ஸ்கோப் இல்லாமல் மணல் உப்புக்கொத்தியைப் பிரிக்க முடியாது. ஆனால் ஒரே பயணத்துக்காக வாங்காதீர்கள். யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இருந்தால் இருபத்தைந்து முப்பது மடங்கிலேயே வையுங்கள். அறுபதுக்கு ஏற்றினால் கானலும் காற்று உதறலும்தான் பெரிதாகும். முக்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்து பார்த்தால் நடுக்கம் குறையும், பறவையும் மிரளாது.

சேற்றில் இறங்க வேண்டாம். மேலே காய்ந்த உப்புப் பொருக்கு உறுதியாகத் தெரியும், காலை வைத்தால் முழங்கால் வரை போகும். அதைவிட முக்கியம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை தின்று தேற வேண்டிய நேரம் இது. மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள், இறகு விரித்தால் பின்வாங்குங்கள். மழைக்குப் பின் மண்பாதையில் கார் இறக்கினால் இழுக்க டிராக்டர் தேட வேண்டியிருக்கும். காட்டுக்குள் செல்ல கோடியக்காட்டில் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். கட்டணமும் நேரமும் மாறும் என்பதால் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், வனத்துறையின் பூநாரை இல்லத்தில் தங்க இடம் கிடைக்குமா என்பதையும் சேர்த்து. தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்கு விடாது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பேருந்து உண்டு, ஆனால் விடியற்காலைக்கு அதை நம்ப முடியாது, ஆட்டோ பேசி வையுங்கள்.

புயல் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தது இந்தப் பக்கம்தான், காட்டில் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்தால் பயணத்தை மாற்றுங்கள். சும்மா கனமழையில் சதுப்பு நிரம்பிவிட்டது என்றால் உள்நாட்டுக்குத் திரும்பி உதயமார்த்தாண்டபுரம், வடுவூர் ஏரிகளைப் பாருங்கள். அங்கே நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் வகைகள் மேட்டூர் நீரும் மழையும் வந்த ஆண்டில் நிறைய இருக்கும்.

கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அப்படிப் பத்துப் பத்தாக நூறு வரை எண்ணி, பிறகு நூறு நூறாக நகருங்கள். பெயர் தெரியாததை ‘சிறு உள்ளான், இனம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். தவறான பெயரைவிட அது எவ்வளவோ பயனுள்ள பதிவு. காலில் வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால் நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எழுத்து எண் எதுவும் தெரிகிறதா என்று குறித்து, மங்கலாக இருந்தாலும் ஒரு படம் எடுத்து, இங்கே பல பத்தாண்டுகளாக வளையமிட்டு ஆய்வு செய்யும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.